‘ஆம்’ போடாமல் எழுதியது

செப்டம்பர் 14

என் குருவிக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் அம்மா, மில் மோட்டார் நாலு பேரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, தண்ணீர் ஒத்துக்கொண்டதா, தூக்கம் வருகிறதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

நீ போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாய். உன் அம்மா அதை என் காதில் வைத்தாள். கொரகொரவென்று ஒரே இரைச்சல். நடுவில் நீ என்னவோ கேட்டாய், நான் "ம், ம்" என்றேன். அந்தப் போனே சரியில்லை. அதனால் எனக்குக் கடிதமாகவே எழுதிவிடு. கடிதம் என்றால் நிதானமாகப் படிக்கலாம், புரியாவிட்டால் திரும்பவும் படிக்கலாம். அஞ்சாவது வரைக்கும் படித்தவளுக்கு இது போதும் என்று சுருக்கி எழுதுகிற வேலை மட்டும் வேண்டாம்.

மாவு அரைக்க வருகிறவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் உன் அப்பா விளக்கினதை அப்படியே ஒப்பிக்கிறேன். தானியம் ஈரத்தில் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ச்சி பண்ண உன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே எல்லாமே ஜெர்மனில். நீ இங்கே இரண்டு வருஷம் படித்தது போதாது, மேல்படிப்பு ஜெர்மனில் ஒரு பரீட்சை இருக்கிறது. டிசம்பரில் ஒரு தடவை எழுதலாம், மார்ச்சில் ஒரு தடவை எழுதலாம். இரண்டில் ஒன்றில் தேறினால் உன் இடம் உனக்கு. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

பக்கத்துக் கடைத் தையல்காரர், "ஜெர்மன் ரொம்ப கஷ்டமாமே, அக்கா?" என்றார்.

"என் பேத்தி ஒம்பது மாசத்துல பேச ஆரம்பிச்சவ. இன்னும் வாயை மூடலை. அந்த பாஷைதான் இவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கப் போகுது" என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் பாட்டி


அக்டோபர் 3

அன்புள்ள பாட்டிக்கு,

குருவி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, குளிருக்கு மட்டும் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று அம்மா கோள் சொன்னாள்.

என் அறை மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு மேசை, கழுத்தை வளைக்கிற மாதிரி ஒரு விளக்கு. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம். சமையலறை ஐந்து பேருக்குப் பொது. ஆளுக்கு ஓர் அலமாரித் தட்டு, அதில் ஒட்டின காகிதத்தில் பெயர். என் பெயரை மூன்று தடவை தப்பாக எழுதி, நாலாவது தடவை என்னிடமே பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

ஜெர்மன் வகுப்பு தினமும் காலையில். பதினோரு பேர். டீச்சர் கொண்டையில் பென்சில் செருகியிருப்பார், பிறகு அதையே தேடுவார். பரீட்சையில் நாலு பாகம்: படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது. கடையில் பால் வாங்குகிற ஜெர்மன் எனக்கு வரும். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஜெர்மன் வேறு ஜாதி. நாலைந்து சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கி, வரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை படுக்கவைத்துவிடுகிறார்கள். வாக்கியம் ஐந்து வரி போகும், வினைச்சொல் கடைசியில்தான் வரும். யார், எதை, எங்கே, எப்போது என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு போனால், கடைசியில் ‘செய்யவில்லை’ என்று முடிக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. கட்டுரையில் ‘நான்’ என்று எழுதக் கூடாது. ‘நான் அளந்தேன்’ என்றால் டீச்சர் சிவப்புக் கோடு போடுகிறார். ‘அளக்கப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டும்.

இருப்பதிலேயே பயம் ‘கேட்பது’தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு விரிவுரையைக் கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். பிறகு கேள்விகள்.

கவலைப்படாதீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குருவி


அக்டோபர் 20

என் தங்கக் குருவிக்கு,

பாட்டி எழுதுவது. முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன், ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லை. நீ இரண்டு ஸ்வெட்டர் போதாது என்றால் மூன்றாவதும் போட்டுக்கொள். அழகு பார்க்க இது நேரமில்லை.

வினைச்சொல் கடைசியில் வருகிறது என்று ஏன் இப்படி மலைத்துப்போய் எழுதியிருக்கிறாய்? நாம் வேறு எப்படிப் பேசுகிறோம்? உன் அப்பா நேற்று வந்து, "அம்மா, நீங்க சொன்ன கடைக்குப் போய், அந்தப் பெரிய மிஷினோட பெல்ட்டை, அளவெல்லாம் காட்டி, கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவை கேட்டு..." என்று இழுத்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "...வாங்கலை" என்றான். ஜெர்மன்காரன் உன் அப்பாவை விட மோசமா?

‘நான்’ போடக் கூடாது என்பதும் நம் வீட்டுப் பாஷைதான். உன் அப்பா சின்ன வயசில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு என்ன சொல்வான் தெரியுமா? "உடைஞ்சிடுச்சும்மா." டம்ளர் தானாக மேசையிலிருந்து எழுந்து போய்க் குதித்த மாதிரி. அவனைப் பிடித்து ஆராய்ச்சிக்கு அனுப்பியிருக்கலாம்.

உன் கடிதத்தை மில் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். கோதுமை கொண்டுவருகிறவர்கள் வரிசையில் நின்று படிக்கிறார்கள். தையல்காரர் சத்தமாகப் படித்தார், நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓடும்போதுகூட யார் என்ன பேசினாலும் வாயைப் பார்த்தே சொல்லிவிடுவேன், அது உனக்கே தெரியும்.

உன் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறாள். எனக்குக் காது மந்தமாம். டீவியை நான் அலறவிடுகிறேனாம். நாற்பது வருஷம் மிஷின் பக்கத்தில் நின்றவளுக்கு இல்லாத காதா? அவள்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வாய்க்குள் பேசுகிறாள்.

நேரத்துக்குத் தூங்கு.

உன் பாட்டி


நவம்பர் 9

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். சளி வந்து போய்விட்டது. நீங்கள் டாக்டரிடம் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். போங்கள்.

அப்பாவின் டம்ளர் கதையை வகுப்பில் சொன்னேன். கொண்டை டீச்சர் சிரித்ததில் பென்சில் கீழே விழுந்துவிட்டது. இனி அந்த இலக்கணத்துக்கு எங்கள் வகுப்பில் ‘டம்ளர்’ என்றுதான் பெயர்.

உங்களிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. கட்டுரையில் அடுத்தவர் சொன்னதை எடுத்து எழுதும்போது, இவர்கள் வினைச்சொல்லைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறார்கள். ‘இருக்கிறது’ என்பதற்கு ‘இஸ்ட்’. ஆனால் ‘அவர் சொல்கிறார், நான் பொறுப்பில்லை’ என்றால் ‘ஸை’. வகுப்பில் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது. இது நம் ‘ஆம்’ பாட்டி! இருக்கிறது, இருக்கிறதாம். வந்தான், வந்தானாம். வார்த்தையின் வாலில் ஒரு ‘ஆம்’ ஒட்டினால் போதும், பழி நம் மேல் இல்லை. ‘எனக்குக் காது மந்தமாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது அச்சு அசல் ஜெர்மன் ஆராய்ச்சிக் கட்டுரை.

இப்போது என் அசட்டுத்தனம். என் பேராசிரியர் நெட்டையானவர். நிமிர்ந்து பார்த்தால்தான் முகம் தெரியும். போன வாரம் நடைகூடத்தில் நிறுத்தி ஐந்து நிமிஷம் பேசினார். பாதி புரியவில்லை. நாம் வீட்டில் ஒருவர் பேசும்போது ‘ம், ம்’ என்போமே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட? அப்படியே "ம், ம்" என்றேன். இங்கே ‘ம்’ என்றால் ‘சரி, சம்மதம்’. மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர்: பிப்ரவரி இருபதாம் தேதி, எல்லோர் முன்னாலும், பன்னிரண்டு நிமிஷம், ஜெர்மனில் உரை! போய் மறுக்கலாம் என்று நினைத்தேன். மறுத்தால் அன்று புரியவில்லை என்பது தெரிந்துவிடும். விட்டுவிட்டேன்.

பரீட்சை டிசம்பர் ஒன்பது.

அன்புடன்,
குருவி


நவம்பர் 27

குருவிக்கு,

இந்தக் கடிதம் பரீட்சைக்கு முந்தியே வந்து சேர வேண்டும் என்பதால் நாலு வரிதான். இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருந்தாக வேண்டும், உடம்புக்கு ஏதாவது வருவதானால் டிசம்பர் பத்தாம் தேதி வரட்டும்.

பிப்ரவரி உரைக்குப் பயப்படாதே. புரியாத இடத்தில் ‘ம்’ கொட்டிச் சமாளிப்பது நம் ரத்தத்தில் ஊறினது. நான் இத்தனை வருஷம் அப்படித்தானே காலம் தள்ளுகிறேன், யாருக்காவது தெரிகிறதா?

மில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ‘டிசம்பர் 9’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மாவு டின்னோடு வருகிறவர்கள் எல்லோரும் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டுத்தான் டின்னை இறக்குகிறார்கள்.

முடிவு வந்த அன்றைக்கே எழுது.

உன் பாட்டி


ஜனவரி 8

என் ராஜாத்திக் குருவிக்கு,

பாட்டி எழுதுவது. நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து இரண்டு மாசம் ஆகப்போகிறது, அதனால் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. எப்படி இருக்கிறாய்?

எனக்குக் கோபம். ஆனாலும் சந்தோஷம் அதை முந்திக்கொண்டது. போன மாசக் கடைசியில், உன் அம்மா வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, ரிசல்ட் வந்துடுச்சு. குருவி தேறிட்டாளாம்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடிவிட்டாள். நான் "ம்" என்றேன். எனக்குத் தெரியாதா என்ன!

அன்றைக்கு மில்லில் மிட்டாய் டப்பாவைத் திறந்துவைத்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். தையல்காரர் இரண்டு எடுத்துக்கொண்டு, "ரெண்டாவது என் மாமியாருக்கு" என்றார். மாமியாருக்கு அவர் எதையும் கொண்டுபோய்க் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சுவரில் தேதிக்குப் பக்கத்தில் ‘தேறியாச்சு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

உன் அம்மாவுக்குச் சாயங்காலம் சொன்னேன், மிட்டாய் கொடுத்துவிட்டேன் என்று. அவள் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பொறாமை. மிட்டாயை அவள் கையால் கொடுக்க நினைத்திருப்பாள்.

நல்ல செய்தியை எழுதக்கூடவா நேரமில்லை?

உன் பாட்டி


ஜனவரி 25

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். இங்கே அனைத்தும் நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பப்படுகிறது.

பரீட்சை எழுதப்பட்டது. முடிவுகள் டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டன. மிட்டாய் வழங்கப்பட்ட செய்தி படிக்கப்பட்டது. எல்லோருக்கும் நன்றி தெரிவிக்கவும்.

பிப்ரவரி உரைக்கான தயாரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. மார்ச் பதினாலாம் தேதி வேறு ஒரு வேலை இருக்கிறது. அதனால் கடிதங்கள் தாமதமாகலாம். பனி அதிகம். பஸ்கள் தாமதமாக ஓடுகின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவி


பிப்ரவரி 8

குருவிக்கு,

பாட்டி எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமில்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். ஒரு ‘நான்’ இல்லை. எழுதப்பட்டதா? யார் எழுதினது? அறிவிக்கப்பட்டதா? என்னவென்று அறிவித்தார்கள்? முழுக் கடிதமும் உன் அப்பாவின் டம்ளர் மாதிரி இருக்கிறது. மார்ச்சில் ‘வேறு ஒரு வேலை’யாம்! மார்ச்சில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதை நானே இந்தத் தெரு முழுக்க ஒப்பித்தவள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் உன் அம்மா முன்னால் நின்றேன். "அன்னைக்கு வாசல்ல நீ என்ன சொன்னே? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர். "தேறலையாம்னு சொன்னேன் அத்தை. நீங்க ம்னீங்க. சாயங்காலம் வந்தா மிட்டாய் கொடுத்தேன்றீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? அவளும் சொல்லாதம்மான்னுட்டா."

தேறலையாம். தேறிட்டாளாம். முன்பாதியும் வாலும் ஒன்றுதான், நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. அவள் அன்றைக்கு வாய்க்குள் பேசியதால் வந்த குழப்பம் இது.

உன்னைத் திட்ட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். தேறவில்லை என்பதை விட, எனக்கு எழுதவில்லை என்பதுதான் வலிக்கிறது. சுவரில் எழுதினதை அழிக்கவில்லை. மார்ச்சுக்கு அப்புறம் அது உண்மையாகிவிடும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. தையல்காரர் வீட்டுக் கோதுமையில் மிளகாய் கலந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வாரமாக மில்லை உன் அப்பா பார்த்துக்கொள்கிறான். எனக்கும் ஓய்வு தேவையாம்.

உன் பாட்டி


பிப்ரவரி 26

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலமில்லை. இன்று முதல் நலம். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் டிசம்பர் பரீட்சையில் தேறவில்லை. படிப்பதில், எழுதுவதில், பேசுவதில் தேறினேன். கேட்பதில் ஐந்து மதிப்பெண் குறைந்தது. விரிவுரையில் ஒரு சொல் புரியவில்லை. அது என்ன, அது என்ன என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். அதற்குள் ஆறு வாக்கியம் போய்விட்டது. அது மட்டும் காரணமில்லை பாட்டி. வந்த நாளிலிருந்து யார் பேசினாலும் நான் ‘ம்’ என்கிறேன். புரியவில்லை என்று ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதவளுக்கு யாரும் திரும்பச் சொல்லித்தருவதில்லை. அப்படியே ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது ‘நான்’ என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. அதனால் டம்ளரை எழுதி அனுப்பினேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் உரைக்கு முந்தின நாள் வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

நீளமான மேசை, பதினெட்டுப் பேர், நடுவில் தண்ணீர் ஜாடி. பன்னிரண்டு நிமிஷத்தில் பத்தரை நிமிஷம் பேசினேன். முடிந்ததும் நெட்டைப் பேராசிரியர் கேள்வி கேட்டார். நீண்ட கேள்வி. மூட்டையில் கட்டிய தானியம், ஈரம் உள்ள அறை, ஓரம், நடு, எல்லாவற்றையும் தலையில் அடுக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் வினைச்சொல் வருகிற இடத்தில் இருமிவிட்டார்!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘ம்’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடினேன். பிறகு சொன்னேன்: "மன்னிக்கணும், கடைசிச் சொல் எனக்குக் கேட்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

எனக்குப் பின்னால் ஒரு குரல்: "எனக்கும்தான்." இன்னொருவர்: "எனக்கு ஆரம்பத்திலிருந்தே." அறை முழுக்கச் சிரிப்பு. இந்த ஊரிலேயே பிறந்தவர்கள் பாட்டி! பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேள்வியை இரண்டாக வெட்டி, சின்னதாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். சரியான பதில்.

அதிலிருந்து தினமும் எண்ணிக்கொள்கிறேன். நேற்று மட்டும் பதினேழு தடவை ‘புரியலை, இன்னொரு தடவை’ என்று கேட்டேன். யாரும் என்னைச் சாப்பிட்டுவிடவில்லை. மார்ச் பதினாலு கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் நான் பெட்டி கட்ட வேண்டும். பயமாக இருக்கிறது.

என் பங்கை எழுதிவிட்டேன். இப்போது நீங்கள். ‘கோதுமையில் மிளகாய் கலந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மிளகாய் தானாக எழுந்து போய்க் கோதுமையில் குதித்ததா? யார் கலந்தது பாட்டி? ‘எனக்குக் காது மந்தமாம்’, ‘எனக்கு ஓய்வு தேவையாம்’. அந்த ‘ஆம்’ இல்லாமல் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்,
குருவி


மார்ச் 12

என் குருவிக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் பரீட்சை முடிந்திருக்கும். நீ நலமாக எழுதியிருப்பாய். நான் நலமா என்று கேட்டால், கேள்:

நான்தான் கலந்தேன். தையல்காரர் டின்னை இறக்கும்போது, "சின்ன மிஷின்ல போடாதீங்க அக்கா, அதுல இப்பதான் மிளகாய் ஓடுச்சு" என்றிருக்கிறார். டின்னுக்குப் பின்னால் அவர் வாய் மறைந்திருந்தது. எனக்கு ‘சின்ன மிஷின்ல போடுங்க’ என்று விழுந்தது. "ம்" என்றேன், போட்டேன். மிளகாய் நெடிக்கு என் மூக்கு என்றைக்கோ பழகிவிட்டது, அது காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மாவில் ரொட்டி சுட்டு அவருடைய மாமியாருக்குத்தான் முதலில் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, அழுது, ஆளைக் கொல்லப் பார்த்தார்கள் என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். தையல்காரர் வந்து, "எனக்கு உள்ளூர சந்தோஷம்தான் அக்கா. ஆனா வெளியில கோவமா இருந்தாகணும், தப்பா நினைக்காதீங்க" என்றார். "மிஷின்ல ஏதோ கோளாறு" என்று சொல்லிச் சமாளித்தேன். உன் அப்பா மில் சாவியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டான். நாற்பது வருஷத்துச் சாவி. அதைத்தான் ‘ஓய்வு’ என்று உனக்கு எழுதினேன்.

உன் கடிதம் வந்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "வா, போவோம்" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

காது டாக்டரிடம் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஒட்டியிருந்தது. என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றார்கள். குருவி, உனக்கு வைத்த அதே பரீட்சை! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து சத்தம் போடுகிறாள். அவள் தோள் லேசாக அசையும்போதெல்லாம் நான் அழுத்தினேன். பத்து தடவை காப்பியடித்துத் தேறிக்கொண்டிருந்தேன். அப்புறம் உன்னை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடினதும் ஒன்றுமே இல்லை. வெகுநேரம் ஒன்றும் இல்லை. இவ்வளவு அமைதியா என் காதுக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் தேறவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை. வார்த்தையின் நடுவும் வாலும் விழுவதில்லை, நானாக நிரப்பிக்கொள்கிறேன். எனக்குப் பிடித்ததாகப் பார்த்து நிரப்பிக்கொள்கிறேன். உன் போனில் ஒரு கோளாறும் இல்லை. இந்தப் பத்தியில் எங்கேயாவது ‘ஆம்’ இருந்தால் காட்டு.

காதுக்கு மிஷின் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் வரும். திரும்பி வரும் வழியில் தையல்காரர் கடையில் ஏறி, "மிஷின் கோளாறு இல்லை. நான்தான் சரியா கேக்காம கலந்தேன். இன்னொன்னு, என் பேத்தி டிசம்பர்ல தேறலை. மிட்டாய் தப்புக் கணக்கு" என்றேன். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "மிட்டாயைத் திருப்பித் தர முடியாதுக்கா, சாப்பிட்டாச்சு" என்றார். ‘தேறியாச்சு’ என்று எழுதினதை ஈரத்துணியால் நானே அழித்தேன்.

உன் பாட்டி


மார்ச் 29

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். உங்கள் கடைசிக் கடிதத்தை நாலு தடவை படித்தேன், ஒரு ‘ஆம்’கூட அகப்படவில்லை. மெத்தை அறையில் நீங்கள் கண்ணை மூடின இடத்தில் என்னால் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

பரீட்சை முடிவு வந்துவிட்டது. இதில் எழுத மாட்டேன். அம்மாவுக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணிக்குக் காதில் மிஷினை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். என் வாயைப் பார்க்க முடியாது, நானே நிரப்பிக்கொள்கிறேன் என்பதும் நடக்காது. கேட்கவில்லை என்றால் ‘இன்னொரு தடவை’ என்று சொல்ல வேண்டும். ‘ம்’ சொன்னால் போனை வைத்துவிடுவேன்.

அன்புடன்,
குருவி


ஏப்ரல் 16

அடிப் பாவிக் குருவிக்கு,

பாட்டி எழுதுவது. சுகம். காது சுகம். நீ சுகமாக இருப்பதை இந்தத் தடவை நானே கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் அந்த நாலு நாள் நீ என்னைப் படுத்தினது அதிகம். கடிதம் வந்ததிலிருந்து உன் அம்மா என் முன்னால் வாயையே திறக்கவில்லை. உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவேன் என்று பயம். சாப்பிடும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிஷின் மாட்டின முதல் நாள் எனக்கு வீட்டிலேயே இருக்கப் பிடிக்கவில்லை. தட்டு வைக்கிற சத்தம், என் செருப்புச் சத்தம், உன் அப்பா மென்று தின்கிற சத்தம். இத்தனை வருஷம் இவனோடு உன் அம்மா எப்படிக் குடித்தனம் பண்ணினாள்?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். நீ வேண்டுமென்றே இழுத்தாய்: "பாட்டி, போன மாசம் பதினாலாம் தேதி, ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, முதல் பெஞ்சுல உட்கார்ந்து, ஒரே தடவை போட்ட விரிவுரையைக் கேட்டு, நான் அந்தப் பரீட்சையில..." அதோடு நிறுத்தினாய். வினைச்சொல் வரவில்லை. ஜெர்மன்காரனே தேவலை.

அப்புறம் சொன்னாய். எனக்குக் கேட்டது. ஆனாலும் நான் "இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னாய். "இன்னொரு தடவை" என்றேன். மூன்றாவது தடவை எனக்குத் தேவையே இல்லை. உன் குரலில் அந்த ‘ட்டேன்’ எப்படி இருக்கிறது என்று கேட்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை உன் அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்தான். "இனிமே மிளகாய் மிஷின் தனி ரூம்லம்மா" என்றான். சரி என்றேன், ‘ம்’ இல்லை. காதில் மாவு போகாமல் இருக்க ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மில்லைத் திறந்தேன். முதல் ஆளாகத் தையல்காரர் டின்னோடு வந்தார். டின்னை இறக்குவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"குருவி தேறிட்டாளாமாக்கா?"

"‘ஆம்’லாம் கிடையாது. தேறிட்டா. என் காதால கேட்டேன்" என்றேன்.

உன் பாட்டி